நண்டு தொடாத மனிதருக்குச் சமைத்தது

மெழுகுதிரி வெளிச்சத்தில் கணவனும் மனைவியும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டால் காதல் பெருகும் என்று எழுதிய ஆள் யாராயிருந்தாலும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டார். அப்போது எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயை மருந்து போல அளந்து பாவித்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு நூல் திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு படித்தோம், சமைத்தோம், சாப்பிட்டோம், சண்டையும் பிடித்தோம். மங்கலான வெளிச்சம்தான் காதலுக்கு வேண்டுமென்றால் அது குடாநாட்டில் ஒரு வீடு விடாமல் இருந்தது. அந்தக் கணக்கில் நாங்கள் எல்லோரும் உருகி ஓடியிருக்க வேண்டும். ஓடினோம்தான், ஆனால் அது குண்டு போடப் பொம்மர் வந்தபோது, பதுங்கு குழிக்கு.

அந்தக் கட்டுரை எனக்கு வந்து சேர்ந்தது சீரகத்தோடு. மருதனார்மடச் சந்திக் கடையில் சீரகம் சுற்றித் தந்த கடதாசியை எறிவதற்கு முன் விரித்து வாசித்தேன். எழுத்து என்று எது கையில் அகப்பட்டாலும் விடமாட்டேன். புதிதாக ஒரு புத்தகமும் ஊருக்குள் வராத காலம். ஏதோ ஒரு பழைய இந்தியச் சஞ்சிகையின் பக்கம் அது. இருவருக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு விருந்து வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டு போனது. மேசைக்கு வெள்ளை விரிப்பு, நடுவில் ஒரு பூ, இரண்டு மெழுகுதிரி, கணவருக்கு மிகவும் பிடித்த சாப்பாடு, அதை அவருக்கு எதிரே அமர்ந்து அவருடைய கண்களைப் பார்த்தபடி உண்ணுதல். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடம் கிழிந்துபோயிருந்தது. கடைக்காரர் அந்தப் பாதியில் வேறு யாருக்கோ மிளகு சுற்றிக் கொடுத்திருப்பார். அந்த வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது.

எனக்குக் கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. பேசிச் செய்த கலியாணம். என் வீட்டார் தோட்டக்காரர்கள், பரம்பரையாகச் சைவச் சாப்பாடு. என் கணவருடைய தாய்வீடு தொண்டைமானாற்றில், கடலும் நீரேரியும் காலடியில். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்கு வந்து, எனக்குச் சீதனமாகத் தந்த சின்ன வீட்டில் நாங்கள் இரண்டு பேருமாகக் குடியிருந்தோம். அவர் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறவர். எரிபொருள் இல்லாமல் ஊரிலுள்ள இயந்திரங்களில் பாதி சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டன. மிச்சப் பாதிக்காரர் எதையெதையோ ஊற்றி ஓட்டப் பார்த்துப் பழுதாக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களும் வரவரக் குறைந்தார்கள். அவருடைய தமையன் கனடாவில் இருந்தார். வா, வா என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் போகப்போகிறாரா, இருக்கப்போகிறாரா? அந்த நாட்களில் எனக்கிருந்த கேள்வி இது ஒன்றுதான். காலையில் எழும்பும்போதும் அது, அரிசி களையும்போதும் அது. அவரோ இதைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. தாயோடு குசுகுசுத்ததைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் இருவரும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள்.

நேரே கேட்டிருக்கலாமே என்று இப்போது யாரும் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிற ஆளை ‘எங்கே’ என்று கேட்பதே பிழை. போகாதே என்று சொல்வது அதைவிடப் பெரிய பிழை. பயணத்துக்குக் குறுக்கே ஒரு சொல் விழுந்தால் வழியில் ஏதாவது நடந்துவிடும் என்பார்கள். அந்தக் காலத்தில் குடாநாட்டை விட்டுப் போவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறி இருட்டுக்குள் நீரேரியைக் கடக்க வேண்டும். கடற்படை சுட்டதில், ஏறியவர்களில் பலர் மறுகரையில் இறங்கவில்லை. அப்படிப்பட்ட பயணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? நான் சொல்லி, அதையும் மீறி அவர் போய், அங்கே ஏதும் நடந்துவிட்டால், அந்தச் சொல் ஆயுளுக்கும் என் தலையில்தான் இருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு அடுப்பை மூட்டினேன். போக நினைக்கிற மனிதரைச் சாப்பாட்டால் கட்டிப்போடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். சீரகம் சுற்றிய கடதாசிதான் அந்த எண்ணத்துக்கு உரம் போட்டது.

மெழுகுதிரி கடையில் கிடைக்காத சாமான். கூடப் படித்த வேதக்காரச் சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டேன்; மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகள் இரண்டு கொண்டுவந்து தந்தாள். என்னத்துக்கு என்று கேட்டாள். புண்ணுக்கு மருந்து காய்ச்ச என்று சொன்னேன். வெள்ளை விரிப்புக்கு அவருடைய கலியாண வேட்டியை எடுத்து மேசையில் விரித்தேன். பூவுக்கு முற்றத்துச் செவ்வரத்தை. அன்றைக்கு அரிசிமாப் புட்டும், கத்தரிக்காய் பொரித்துக் குழம்பும், மாங்காய்ச் சம்பலும் செய்தேன். தலைக்கு முழுகி, சீலை மாற்றி, கண்ணுக்கு மை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று மேசையைப் பார்த்தார்.

“ஆரும் வருகினமோ?”

ஒருவரும் வரவில்லை என்றேன். கிட்ட வந்து விரிப்பின் கரையைத் தொட்டுப் பார்த்து, இது என்ரை வேட்டியெல்லோ என்றார். நான் ஓம் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனிதருக்கு மரியாதை தெரியும். இரண்டு மெழுகுதிரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றின் சுடரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நசுக்கி அணைத்து, ஒண்டு போதும், காணும், மற்றது நாளைக்கு ஆகும் என்று எடுத்து யன்னலில் வைத்தார். என் விருந்தில் பாதி அதோடு யன்னலுக்குப் போயிற்று.

சரி போகட்டும் என்று பரிமாறினேன். பிறகு என் கோப்பையிலும் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தேன். இருந்ததுதான் தாமதம், அவர் பிசைந்த கையைக் கோப்பையில் இருந்து எடுத்துவிட்டார். எங்கள் வீடுகளில் மனைவி பக்கத்தில் நின்று பரிமாறுவாள். கணவர் எழும்பிக் கை கழுவிய பிறகு குசினிக்குள் போய்ச் சாப்பிடுவாள். அவருடைய தாயும் அப்படி, என்னுடைய தாயும் அப்படி. நான் அவர் முன்னால் சோற்றுக் கோப்பையோடு குந்தியதற்கு அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான்.

“நல்லாப் பசிக்குதோ?” என்றார். “அப்ப நீர் முதல் சாப்பிடும். நான் பிறகு சாப்பிடுறன்.”

எழும்பியே விட்டார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு இடது கையால் கரண்டியை எடுத்து எனக்குக் குழம்பு விட்டார். புட்டு இன்னும் கொஞ்சம் வைத்தார். நான் கடதாசி சொன்னபடி அவருடைய கண்களை அண்ணாந்து பார்த்தேன். அவர் குனிந்து என் நெற்றியில் புறங்கையை வைத்து, காய்ச்சல் ஏதும் இல்லையே, கண்ணெல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு என்றார்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் புட்டோடு விழுங்கினேன். இந்த மனிதர் என்னில் அன்பாயிருக்கிறாரா, அல்லது என்னை ஒரு நோயாளியாகப் பார்க்கிறாரா என்று படுக்கையில் கிடந்து யோசித்துக் களைத்துப்போனேன். அன்பு என்றால் போகமாட்டார். நோயாளி என்றால் தமையன் அழைத்ததும் வெளிக்கிட்டுவிடுவார். அப்படித்தான் என் கணக்கு ஓடியது.

பிழை சாப்பாட்டில் என்று முடிவுகட்டினேன். மிகவும் பிடித்த சாப்பாடு என்றுதானே கடதாசி சொன்னது. அது கத்தரிக்காய் அல்ல. கலியாண வீட்டிலேயே மாமி என்னிடம் சொல்லியிருந்தார், நண்டென்றால் தன் மகன் வேறு ஆள், கதையும் கேளாது காதும் கேளாது என்று. எனக்கோ நண்டைத் தொட்டும் பழக்கமில்லை. முன்வீட்டு அக்கா ஒருவர் கடற்கரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் போய் நின்றேன். எப்படிப் பிடிப்பது, எங்கே பிளப்பது, பூப் போன்ற செவுளை எப்படிக் கழிப்பது எல்லாம் காட்டித் தந்தார். முருங்கையிலையை இறக்கும்போதுதான் போட வேண்டும், முந்தினால் கசக்கும் என்று இரண்டு தரம் சொன்னார். கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நண்டு கிடைப்பதே பெரிய காரியம். சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் சொல்லிவைத்தேன், அவர் ஒரு நாள் நீரேரி நண்டு நாலு கொண்டுவந்தார். ஒன்று என் விரலைக் கடித்தது. அதையே முதலில் வெட்டினேன்.

கறி நன்றாகத்தான் வந்தது. முன்வீட்டு அக்காவே வாசம் பிடித்துக்கொண்டு வந்து ருசி பார்த்துவிட்டுப் போனார். பிறகு என் மனிதர் சாப்பிட வந்து மூடியைத் திறந்தார். முகம் மலர்ந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அடுத்த கணம் அந்த மலர்ச்சியை அவரே பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். மூடியைத் திரும்ப மூடி, கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, பருப்பையும் சோற்றையும் பிசைந்தார்.

“வயிறு சரியில்லை. நீர் சாப்பிடும்.”

வீணாக்க மனமில்லாமல் தின்று, எங்கள் வீட்டாரில் நண்டு ருசித்த முதல் ஆள் நானானேன். ஒரு தரம் என்றால் வயிறு. சில கிழமை கழித்து மறுபடி நண்டு கிடைத்தபோதும் அதே கதைதான். இடையில் மீன் குழம்பு, இறால் பொரியல், கூழ் என்று எல்லாம் முயன்று பார்த்தேன். கூழ் இரண்டு பேருக்கு வைக்கிற சாமானே அல்ல. மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மீனுமாகப் போடப் போடப் பானை நிறைந்துவிடும். எங்கள் இருவருக்கு மட்டும் என்று தொடங்கிய விருந்தை வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரும் வந்து பிலாவிலையை மடித்துக் கோலிக் குடித்தார்கள். அவர் மட்டும் வயிறு சரியில்லை என்று பாண் ரொட்டித் துண்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். வயிறு சரியில்லாதவருக்கு முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்கவில்லை.

எனக்குக் கோபம் ஏறியது. என் கை சமைத்தது பிடிக்கவில்லையா? என்னையே பிடிக்கவில்லையா? போகிறதென்று முடிவெடுத்துவிட்டு ஆசைகளை ஒவ்வொன்றாக அறுக்கிறாரா? ஒரு நாள் அம்மியில் தேங்காயை அரைக்கும்போது, இவர் போனால் போகட்டும், எனக்கென்ன என்று உரக்கவே சொன்னேன். அடுத்த நிமிடம் பயந்துபோய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயணத்துக்குக் குறுக்கே சொன்னதாக ஆகுமா, பயணத்துக்கு வழிவிட்டதாக ஆகுமா என்று அதிலும் குழப்பம்.

விடையில் பாதி தொண்டைமானாற்றில் கிடைத்தது. ஷெல் சத்தம் ஓய்ந்திருந்த ஒரு நாளாகப் பார்த்து மாமியோடு சந்நிதி முருகனிடம் போயிருந்தேன். கும்பிட்டு முடித்து ஆற்றங்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும்போது, உங்கடை மகன் நான் சமைக்கிற மீன், நண்டு ஒன்றையும் தொடுகிறாரில்லை, என்னில் ஏதும் குறையோ தெரியவில்லை என்று மாமியிடம் அழுதுவிட்டேன். மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உம்மிலை என்ன குறை, பிள்ளை. அவன் இந்தக் கோயிலிலை நேர்த்தி வைச்சிருக்கிறான். நினைச்சது நடக்கும் மட்டும் மச்சம் தொடமாட்டான்.”

மீன், இறைச்சி எல்லாவற்றையும் எங்கள் ஊரில் மச்சம் என்போம். நேர்த்தி வைக்கிறவர்கள் தங்களுக்கு ஆகப் பிடித்ததைத்தான் விடுவார்கள். பிடிக்காததை விட்டால் முருகனுக்கு என்ன புளுகம், என்ன சந்தோசம்? நான் மூச்சை விட்டேன். அவர் என் நண்டை வெறுக்கவில்லை. அது எவ்வளவு ஆசையாயிருந்ததோ அவ்வளவுக்கு அதைத் தொடாமல் இருந்திருக்கிறார். என்னத்துக்கு நேர்த்தி என்று கேட்டேன். மாமி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நடக்குமுன் வாயால் சொன்னால் பலிக்காதாம். தனக்கும் தெரியாதாம். வீட்டில் மீனைக் கட்டாயப்படுத்திப் போட்டபோது நேர்த்தி என்ற ஒரு சொல்லை மட்டும் மகன் சொன்னானாம்.

இப்போது முன்னையதைவிடப் பெரிய குழப்பம். ஒரு மனிதர் எதை நினைத்து நண்டை விடுவார்? கலியாணமாகி இவ்வளவு நாளாகியும் பிள்ளை இல்லை, அதற்காக இருக்கலாம். அப்படியென்றால் இருக்கப்போகிறார். பயணம் சரிவரவேண்டும் என்றும் இருக்கலாம். அப்படியென்றால் போகப்போகிறார். நான் முருகனிடம் எதைக் கேட்பது? அவருடைய நேர்த்தி பலிக்கட்டும் என்று கேட்டால் என் வாயாலேயே அவரை வழியனுப்புகிறேனோ என்று பயம். பலிக்கவேண்டாம் என்று கேட்டால் எங்கள் பிள்ளையையே நான் தடுத்ததாகிவிடுமோ என்று அதிலும் பயம். கைகூப்பி நின்று, உனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் மச்சம் சமைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவுமில்லை. மாரிகாலம் தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் அப்பம் சுட நினைத்து, மா புளிக்க வைப்பதற்குக் கொஞ்சம் கள்ளு வேண்டும் என்றேன். அவர் கள்ளு விற்கும் தவறணைக்குப் போய் ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டு, தான் குடிக்கவில்லை என்று காட்டுவதற்காக ஒழுங்கையில் கண்டவர்களுக்கெல்லாம் அப்பத்துக்கு, அப்பத்துக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அப்பத்தைச் சுட்டு மேசைக்குக் கொண்டுபோனால் ஆறிவிடும் என்று, அவரே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் வந்து குந்தினார்.

எங்களிடம் இருந்தது ஒரேயொரு அப்பச்சட்டி. ஒரு தரத்துக்கு ஓர் அப்பம்தான் வரும். மாவை ஊற்றி, சட்டியைச் சுழற்றி, நடுவில் தேங்காய்ப்பாலும் இடித்த பனங்கட்டியும் விட்டு மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாததால் கதைத்தோம். அவர் சின்ன வயதில் நீரேரியில் நண்டு பிடித்த கதை சொன்னார். சொல்லிக்கொண்டு வந்து நண்டு என்ற சொல்லில் ஒரு கணம் நின்றார். நான் அடுப்பை ஊதுவது போலக் குனிந்துகொண்டேன். முதல் அப்பத்தைக் கொடுத்தேன். மொறுமொறுத்த கரையைத் தான் பிய்த்து எடுத்துக்கொண்டு, பால் ஊறிய நடுவை என் வாய்க்கு நேரே நீட்டினார். எங்கள் அடுப்படியில் அப்படி ஒரு காரியம் நடந்ததை என் பரம்பரையில் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். அடுத்த அப்பத்திலும் அப்படியே செய்தார். ஒன்றை நான் கருகவிட்டேன். அதையும் இரண்டாகப் பிய்த்தார். வெள்ளை விரிப்பும் இல்லை, பூவும் இல்லை, புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. மிச்சத்தை எழுதமாட்டேன். கிழிந்துபோன பாதியில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனி இவர் போகமாட்டார் என்று நினைத்தேன். நினைத்ததென்ன, நம்பியேவிட்டேன். நடு அப்பத்தை ஊட்டுகிற மனிதர் எப்படிப் போவார்?

அடுத்த மாதம் எனக்கு வழமைபோல விலக்கு வந்தது. அந்த மூன்று நாளும் நான் அடுப்படிக்குள் போகவில்லை. அவரே சோறு காய்ச்சினார், அவரே எனக்குக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் அவருக்கும் தெரிந்தது. இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அது கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தாய்வீட்டுக்குப் போய் வந்தார். சைக்கிள் கைபிடியில் பனையோலையால் பின்னிய மீன் பை தொங்கியது. அதற்குள் ஏதோ கரகரவென்று பிறாண்டியது. வாசல் படலையடியில் வைத்தே அதை என் கையில் தந்தார்.

“நண்டு. சமையும். ரெண்டு பேருக்கும் காணும்.”

பையை வாங்கிக்கொண்டு நின்றேன். நேர்த்தி முடிந்துவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது. பிள்ளை இல்லை, ஆகவே மற்றதுதான். இவ்வளவையும் படலைக்கும் குசினிக்கும் இடையில் விளங்கிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பானையை எடுத்துக் கழுவினேன்.

நான் வாழ்நாளில் வைத்த நண்டுக்கறிகளில் அதுதான் சிறந்தது. எரிச்சலில் உப்பை அள்ளிப் போட்டிருக்கலாம், தூளைக் கொட்டியிருக்கலாம். கை கேட்கவில்லை. வெந்தயம் பொரிந்ததும் வெண்காயம், உள்ளி வதங்க நண்டைப் போட்டு, வறுத்த தூளைத் தூவி, இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பாலை விட்டு, கொதி வரும்போது முருங்கையிலையை உருவிப் போட்டு இறக்கினேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டேயிருந்தது. வெண்காயம் உரித்து வெகு நேரமாகியிருந்தது.

நல்ல மத்தியான வெயில். யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. அவருக்குப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் கோப்பையைத் தொடாமல் என்னைப் பார்த்து, நீரும் போட்டுக்கொண்டு இரும் என்றார். எதிரே இருந்தேன். இம்முறை அவர் எழும்பவில்லை. குழவிக்கல்லை எடுத்துவந்து பெரிய கால் ஒன்றைப் பதமாகத் தட்டி உடைத்தார். ஓட்டுக் கோதை நீக்கி, உள்ளே இருந்த சதையை உடையாமல் முழுதாக எடுத்து என் சோற்றில் வைத்தார். பிறகு தனக்கு ஒன்றை உடைத்தார். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை மாதமும் அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் சமைத்தேன்.

தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். பொய் சொல்ல வராது. எனக்கு நல்ல பசி, கறி அருமையாயிருந்தது, அவர் உடைத்து வைக்க வைக்கச் சாப்பிட்டேன். இப்படிக் காலம் முழுக்க இருந்து சாப்பிடலாம் என்று மனம் ஒரு பக்கம் குளிர்ந்தது. மறு பக்கம் இவரை இந்தக் கல்லாலேயே போட்டால் என்ன என்றும் வந்தது.

“அண்ணை எல்லாம் ஒழுங்குபண்ணிப்போட்டார்” என்றார். “வாற கிழமை வெளிக்கிடவேணும். போய்ச் சேர்ந்தோடனை உம்மைக் கூப்பிடுவன்.”

“உதுக்குத்தானே நேர்த்தி?”

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

“ரெண்டு கேட்டனான். ரெண்டிலை ஒண்டு நடந்தால் காணும் எண்டு கேட்டனான். ஒண்டு இது சரிவரவேணும். மற்றது, நீர் என்னைப் போகவேண்டாம் எண்டு சொல்லவேணும்.”

இத்தனை மாதமாக இந்த மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருடைய வாய்க்குள் எதைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. பயணத்துக்குக் குறுக்கே கதைக்கக்கூடாது என்று உங்கள் தாயும் என் தாயும் சொல்லித்தானே வளர்த்தார்கள், நான் எப்படிச் சொல்வேன், நீங்களாவது ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று பொரிந்து தள்ளினேன். கேட்டு வாங்கினால் அது நேர்த்தி ஆகாது என்றார். அப்படியென்றால் நான் வேட்டியை விரித்ததும் மெழுகுதிரி வைத்ததும் நண்டிடம் கடி வாங்கியதும் உங்களுக்கு என்னவாகத் தெரிந்தது என்று கேட்டேன்.

“போறவனுக்கு ஆசையாச் சமைச்சுப் போடுறீர் எண்டு நினைச்சன்” என்றார். “நீர் என்னை அனுப்ப ஆயத்தம் எண்டு.”

ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தது. என் விரல்களெல்லாம் குழம்பு. கிளாலியும் வள்ளமும் இருட்டும் என் முன்னால் வந்து நின்றன. சொன்னால் என்ன நடக்குமோ என்ற பயம் அப்படியே இருந்தது. பயண ஒழுங்கெல்லாம் பேசி முடித்தாயிற்று, இனி நிற்பாட்ட ஏலாது என்பதும் அவருடைய முகத்தில் தெரிந்தது.

“போகாதேங்கோ” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. நண்டின் கோதை இன்னும் கையில் வைத்திருந்தார்.

“இன்னொருக்காச் சொல்லும்.”

சொன்னேன். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அடுத்த கிழமை அவர் போனார்.